பேஜ்மேக்கர் நின்றுபோனால் இருபத்தைந்து வருட வேலையும் போய்விடுமா?

தென் மாவட்டம் ஒன்றில் டி.டி.பி. சென்டர் (கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துத் தரும் கடை) நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

1999-ல் கடன் வாங்கி, ஒரு கணினியும் ஒரு லேசர் பிரின்டருமாகத் தொடங்கிய சென்டர் அது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் என்று ஆரம்பித்து, பிறகு பதிப்பாளர் ஒருவருக்குத் தொடர்ந்து புத்தக வேலை. இன்றுவரை எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில்தான். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் இரண்டு கணினிகளில் ஒன்று போன மாதம் மதர்போர்டு போய்ப் படுத்துவிட்டது. இன்னொன்றும் ஆன் ஆவதற்கே அடம் பிடிக்கிறது. இந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர், இதுவரை செய்த 140 புத்தகங்களையும் யூனிகோடில் (எந்தக் கணினியும் தமிழென்று அறியும் பொதுக் குறியீட்டில்), மின்னூல் போடுவதற்கு ஏற்றபடி கேட்கிறார். ஓப்பன் ஃபைல்களையும், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையும், மொத்தமாகத் தந்துவிடச் சொல்கிறார்.

“இன்டிசைன் போட்டுட்டா பழைய ஃபைல் எல்லாத்தையும் அதுவே திறந்துக்கும்மா” என்கிறார் மகன். இன்டிசைன் என்பது பேஜ்மேக்கருக்குப் பிறகு வந்த பக்க அமைப்பு மென்பொருள். கணினி சர்வீஸ் செய்பவர் 2,500 ரூபாய்க்கு இன்டிசைனும் ஆயிரம் தமிழ் ஃபான்ட்டும் ‘போட்டுத் தருவதாக’ச் சொல்கிறார். பதினெட்டு வருடமாகக் கூட இருக்கும் ஆபரேட்டர் அக்கா, “இனிமே புதுசு எனக்கு வராது, நான் நின்னுக்குறேன்” என்கிறார். பேஜ்மேக்கரைக் கம்பெனியே கைவிட்டுவிட்டதால் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்தானே என்பது வாசகியின் கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

எந்த மென்பொருள் வாங்குவது என்பதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டாலும் குடி முழுகிவிடாது. மிச்சமிருக்கும் அந்த ஒரு கணினி நாளைக்கு நின்றுபோனால்தான் சிக்கல். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் கணினி ஓடும்போதே செய்துவிட வேண்டியது

முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. பிறகு இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, இருக்கிற எல்லா வேலையையும் இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றைச் சென்டரிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். படுத்துவிட்ட கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். மதர்போர்டு போனால் ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டுவதற்கு அடாப்டர் கிடைக்கிறது. டிஸ்க் நன்றாக இருந்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். சி.டி.யில் எழுதி அலமாரியில் வைத்திருப்பவற்றையும் இப்போதே இறக்கிவிடுங்கள். அவை எந்த நாள் படிக்காமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நகலெடுக்கும்போது பலரும் பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பெரிய படங்கள் பெரும்பாலும் அதற்குள் இருக்காது, வெறும் லிங்க்தான் இருக்கும். ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் ‘காப்பி’ என்ற பகுதியைப் பாருங்கள். ‘ஆல் லிங்க்டு ஃபைல்ஸ்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டராகச் சேமித்தால் படங்களும் கூடவே வந்துவிடும். ஃபான்ட்டை நீங்கள்தான் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தனியாக எடுத்துவைக்க வேண்டும். தமிழ் மென்பொருளுக்கு டாங்கிள் (மாட்டினால்தான் மென்பொருள் ஓடும் சாவி) இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அது பழைய பிரின்டர் போர்ட்டில் மாட்டும் வகை என்றால் புதுக் கணினியில் அதற்கு இடமே இருக்காது.

அடுத்து, புத்தகத்துக்கு இரண்டு பிரதிகளை அந்தக் கணினியிலிருந்தே வெளியே எடுங்கள். ஒன்று, ஃபான்ட்களை உள்ளே பதித்த பி.டி.எஃப். இன்னொன்று, மேட்டர், அதாவது வாசகம் மட்டும். டெக்ஸ்ட் டூலால் மேட்டருக்குள் கிளிக் செய்து, ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ போய் ஆர்.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். இதில் ஒரு கவனம் தேவை. பேஜ்மேக்கரில் அடிக்குறிப்புக்கென்று வசதி கிடையாது என்பதால் நீங்கள் அதைத் தனி பிளாக்காகத்தான் பக்கத்தின் கீழே வைத்திருப்பீர்கள். முதன்மை மேட்டரை எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த பிளாக்குகள் வராது. ஆய்வு நூல்களிலும் உரை நூல்களிலும் இப்படி அடிக்குறிப்பு முழுவதும் விடுபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிப் புத்தகங்களை முதலில் பட்டியல் போட்டு, பிளாக் பிளாக்காக எடுங்கள்.

140 புத்தகத்துக்கும் இதைச் செய்ய நாள் பிடிக்கும்தான். ஆனால் இதை முடித்துவிட்டால் பேஜ்மேக்கர் இருந்தாலும் போனாலும் உங்கள் வேலை உங்கள் கையில் இருக்கும்.

இன்டிசைன் எல்லாவற்றையும் திறக்குமா?

மகன் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. பேஜ்மேக்கர் 1985-ல் ஆல்டஸ் என்ற நிறுவனத்திடமிருந்து வந்தது. மேசை மேல் வைத்த ஒரு கணினியும் லேசர் பிரின்டரும் இருந்தால் போதும், அச்சுக்குப் பக்கம் தயாரித்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே அதுதான். உங்கள் சென்டரும் அந்த வழியில் வந்ததுதான். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-ல் இன்டிசைனைக் கொண்டுவந்தது. 2001-ல் வந்த 7.0-வோடு பேஜ்மேக்கரின் புதிய பதிப்புகள் முடிந்தன. 2004-ல் அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டதாக அடோபி அறிவித்தது. நீங்கள் இருபது வருடத்துக்கு மேலாக, ரிப்பேர் பார்க்க ஆளில்லாத ஒரு மென்பொருளில் புத்தகம் புத்தகமாகச் செய்துவந்திருக்கிறீர்கள். அது இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய விஷயம்.

பழைய வாடிக்கையாளர்களை அழைத்துக்கொள்வதற்காக, பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதியை இன்டிசைனில் வைத்திருந்தார்கள். 2012-ல் வந்த சி.எஸ்.6 வரைதான் அது இருந்தது. அதற்குப் பிறகு வந்த கிரியேட்டிவ் கிளவுட் பதிப்புகளில் இல்லை. இன்று நீங்கள் பணம் கட்டி இன்டிசைன் வாங்கினால் உங்கள் பழைய கோப்பில் ஒன்றைக்கூட அது நேரடியாகத் திறக்காது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. முறையாக வாங்கிய சி.எஸ்.6 இன்னும் ஓடுகிற அச்சகமோ சென்டரோ உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கலாம். அங்கே திறந்து, ஐ.டி.எம்.எல். என்ற வடிவில் சேமித்து வாங்கிவந்தால் புதிய இன்டிசைன் அதை ஏற்கும். அது அமையவில்லை என்றால், இலவச மென்பொருள்களான லிப்ரே ஆஃபீஸ் டிராவும் ஸ்கிரைபஸும் பேஜ்மேக்கர் கோப்பை ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு கலைந்துதான் வரும், மேட்டரை மீட்க உதவும்.

எந்த வழியில் திறந்தாலும் பக்கம் பழையபடி இருக்காது. இரண்டு மென்பொருளும் வரியை அமைக்கும் கணக்கு வேறு. 192 பக்கத்தில், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் பன்னிரண்டு ஃபாரமாகக் கச்சிதமாக முடிந்த புத்தகம், திறந்ததும் 195 பக்கமாக வழியலாம். ஒரு ஃபாரம் கூடிவிடும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் மாறும். அதனால் எழுத்து மாற்றம் எதுவுமில்லாத மறுபதிப்புக்கு இந்த வேலையே வேண்டாம். மேலே சொன்ன பி.டி.எஃப்.பை அப்படியே பிளேட் போடக் கொடுங்கள். உங்கள் பதிப்பாளரின் 140 புத்தகங்களில் கணிசமானவற்றுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

உண்மையான சிக்கல் மேட்டருக்குள் இருக்கிறது

கடிதம் முழுக்க மென்பொருளைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். என் கவலை வேறு. உங்கள் கோப்பில் இருப்பதைக் கணினி தமிழென்றே அறியாது. நாம் இத்தனை வருடம் பயன்படுத்திய ஃபான்ட்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினி என்ற ஃபான்ட்டில் ‘ம’ இருக்கும் இடம் ஆங்கிலச் சின்ன ‘கே’யின் இடம். புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடம். ஃபான்ட்டை எடுத்துவிட்டால் ‘அம்மா’ என்பது படிக்கவே முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஸ்ரீலிபி, வானவில், செந்தமிழ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அடுக்கியதால் ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டேப், டேம் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையே அரசின் தரமாக அறிவித்தது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு மட்டும் டேஸ் 16 என்ற குறியீடு.

இதனால்தான் பதிப்பாளர் யூனிகோடு கேட்கிறார். அது அவருடைய பிடிவாதம் இல்லை. கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் விற்கின்றன. அங்கே எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் படிக்க வேண்டுமானால் மேட்டர் யூனிகோடில் இருந்தாக வேண்டும். கூகுள் தேடலில் அகப்படுவதற்கும், பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவதற்கும் அப்படித்தான். உங்கள் பி.டி.எஃப். கண்ணுக்கு அழகாக இருக்கும்; அதிலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பார்த்தால் வருவது தமிழாக இருக்காது.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர், அழகி, இணையத்தில் பொங்குதமிழ் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. இவற்றில் உங்கள் ஃபான்ட்டின் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு புத்தகம் நிமிடக் கணக்கில் மாறிவிடும். ஆனால் மாறி வருவது முடிந்த மேட்டர் இல்லை. புதிதாக ப்ரூஃப் பார்க்க வேண்டிய மேட்டர். எங்கெங்கே இடறும் என்று சொல்கிறேன், அச்சிட்டுக் கணினி பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொற்கள் முதலில் சிதையும். தமிழ் ஃபான்ட் எது, ஆங்கில ஃபான்ட் எது என்று பிரித்துப் பார்க்காமல் மாற்றும்போது ஆங்கிலப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரி, ஐ.எஸ்.பி.என். என்ற எழுத்துகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். எண்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

இரண்டாவது, ‘ர்’. பழைய ஃபான்ட்டில் ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால், துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்தே பலரும் ‘ர்’ அடித்தார்கள். தாளில் வித்தியாசம் தெரியவில்லை. யூனிகோடில் அது ‘அவா்’ என்று ஆகிறது. ‘அவர்’ என்று தேடினால் அகப்படாது. செய்தித் தளங்களில் இன்றைக்கும் இந்தப் பிழையைப் பார்க்கலாம். ‘ஔ’வும் அப்படியே. ‘ஒ’வும் ‘ள’வுமாக அடித்த ‘ஒளவையார்’ கண்ணுக்குச் சரி, கணினிக்குத் தப்பு. ‘கௌ’, ‘மௌ’ போன்றவற்றின் சிறகையும் ளகரமாக அடித்திருந்தால் அதே கதை. இவற்றை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் தீர்த்துவிடலாம், ஆனால் ‘ஒள’வைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘ஒளி’யும் ‘ஒளிவு’ம் கெட்டுவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது உங்கள் ஆபரேட்டர் அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வரி இழுபடும்போதெல்லாம் கையால் ஹைஃபன் போட்டிருப்பீர்கள், ஷிப்ட்-என்டர் தட்டியிருப்பீர்கள், பத்திக்கு டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் பாரை அழுத்தியிருப்பீர்கள். மேட்டர் புது அளவில் ஓடும்போது அவை எல்லாம் வரி நடுவில் வந்து நிற்கும். ‘விருது-நகர்’, ‘சொல்லி-விட்டு’ என்று பக்கத்துக்குப் பத்து அகப்படும். மின்னூலில் இது இன்னும் அசிங்கம்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பி.டி.எஃப். பக்கத்தில் திறந்திருக்கட்டும். எக்காரணத்தாலும் ப்ரூஃப் இல்லாமல் மாற்றிய மேட்டரைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை இணையத்தில் போய்விட்டால் உங்கள் சென்டரின் பெயரோடு அந்தப் பிழை நிற்கும்.

இன்டிசைனில் யூனிகோடு மேட்டரை முதல்முதலில் கொட்டும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்து, ‘இன்டிசைனில் தமிழ் வராது’ என்று பலர் திரும்பிவிட்டார்கள். சி.எஸ்.6 முதல் தமிழ் வரும். ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஜஸ்டிஃபிகேஷன் அமைப்புகளில் இருக்கிறது. ஸ்கிரிப்ட்ஸ் பேனலில் இருக்கும் ‘இண்டிக் பிரிஃபரன்சஸ்’ என்ற ஸ்கிரிப்ட்டை ஒருமுறை இயக்கினால் புதிதாகத் திறக்கும் கோப்புகளுக்கு இதையே அமைத்துவிடும். அப்போதும் எழுத்து சிதறினால் ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புத்தக உடலுக்கு எது கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று ஒரே பக்கத்தை இரண்டு மூன்று ஃபான்ட்டில் அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் பழைய ஃபான்ட்களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை இருந்தால் அவை இனி உதவாது. 2023 ஜனவரியோடு அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

2,500 ரூபாய் யோசனை வேண்டாம்

உற்பத்தி நின்றுவிட்டது என்பதற்காக ஒரு மென்பொருளின் பதிப்புரிமை போய்விடாது. பேஜ்மேக்கர் இன்றும் அடோபியின் சொத்துதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிரதி இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; பாதுகாப்புக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அந்த சி.டி.யும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இணையத்தில் இறக்கியதோ யாரோ போட்டுக்கொடுத்ததோ என்றால் அதற்கு ‘இலவசம்’ என்ற பெயர் பொருந்தாது.

சர்வீஸ்காரர் சொல்வது இதைவிட ஆபத்து. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. உங்களுடையது தொழில், அந்தச் சலுகை உங்களுக்கு வராது. வழக்கு வரும் வாய்ப்பு குறைவு என்று சிலர் சொல்வார்கள். வழக்கே வராவிட்டாலும், கிராக் செய்த பிரதியோடு வரும் வைரஸ் உங்கள் 140 புத்தகத்தையும் பூட்டிவைத்துப் பணம் கேட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? ‘ஆயிரம் ஃபான்ட்’ என்பதும் அப்படியே. ஃபான்ட்டும் மென்பொருள்தான், அதற்கும் உரிமம் உண்டு.

அப்படியானால் எதற்கு மாறுவது? மாதம் முழுக்கப் புத்தக வேலை வருகிறது, பதிப்பாளர் மின்னூல் கேட்கிறார், அச்சகங்கள் இன்டிசைன் கோப்பு கேட்கின்றன என்றால் இன்டிசைனை மட்டும் தனியாக மாதச் சந்தாவில் எடுங்கள். முழுத் தொகுப்பும் தேவையில்லை. அடிக்குறிப்பு, தானாக உருவாகும் பொருளடக்கம், மின்னூலுக்கான ஈபப் கோப்பு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் கோப்பைத் திறக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு புத்தகம் முடியும்போதும் பி.டி.எஃப்., ஐ.டி.எம்.எல்., யூனிகோடு மேட்டர் மூன்றையும் எடுத்துவைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பத்திரிகையும் நோட்டீஸும்தான் அதிகம், புத்தகம் எப்போதாவது என்றால் ஸ்கிரைபஸைப் பாருங்கள். காசு கிடையாது, 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வருகிறது. அச்சுக்கான நான்கு வண்ணப் பி.டி.எஃப்.பும் தருகிறது. இன்டிசைன் கோப்பை நேரடியாகத் திறக்காது. ஒரு சிறிய புத்தகத்தை முழுதாக அதில் செய்து, ஒரு ஃபாரம் அச்சிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் மட்டும் வேண்டாம். 2026 அக்டோபரோடு அதுவும் நிறுத்தப்படுகிறது. ஒரு பழைய மென்பொருளிலிருந்து இன்னொரு பழைய மென்பொருளுக்குப் போன கதையாகிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பேஜ்மேக்கரை ஒரே நாளில் மூட வேண்டியதில்லை. கையில் இருக்கும் வேலைகளை அதிலேயே முடித்துக்கொடுங்கள். புதிதாக வரும் புத்தகத்தை மட்டும் புதிய மென்பொருளில், யூனிகோடில் தொடங்குங்கள்.

அக்காவை விட்டுவிடாதீர்கள்

கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த இடம் இதுதான். பதினெட்டு வருடம் தமிழ் மேட்டர் அடித்த ஒருவருக்குச் சந்திப்பிழை கண்ணில் படும், ஒற்றை வரி தனியாகப் பக்கத் தலையில் நிற்பது பொறுக்காது, எந்த எழுத்தாளர் எதை எப்படி எழுதுவார் என்று தெரியும். மேலே சொன்ன ‘அவா்’ பிழைகளைச் சரிபார்க்க அவரைவிடத் தகுந்த ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

‘புதுசு வராது’ என்று அவர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் விசைப்பலகைப் பயம்தான் இருக்கும். டைப்ரைட்டர் முறையில் பழகிய கை தமிழ் 99-க்கு மாற வேண்டும் என்று கட்டாயமில்லை. என்.எச்.எம். ரைட்டரிலும் அழகியிலும் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடு அடிக்கலாம். இதை அவரிடம் முதலில் காட்டுங்கள், ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். தமிழ் 99 கற்க விரும்பினால் விண்டோஸ் 10, 11-ல் அது உடன் வருகிறது.

இன்டிசைனில் அவருக்கு முதலில் இடிப்பது ஃபிரேம். பேஜ்மேக்கரில் மேட்டரைக் கொட்டி, கீழே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திரைச்சீலை மாதிரி இழுத்துப் பழகியவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரு ஃபிரேமுக்குள் வைக்க வேண்டும் என்பது சில நாள் எரிச்சலாக இருக்கும். மாஸ்டர் பேஜ் (இப்போது அங்கே ‘பேரன்ட் பேஜ்’ என்று பெயர்), ஸ்டைல், ஸ்டோரி எடிட்டர் எல்லாம் அங்கேயும் உண்டு. கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலில் பேஜ்மேக்கர் 7.0 ஷார்ட்கட்டையே தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். டெட்லைன் உள்ள வேலையில் பழக வைக்க வேண்டாம்; ஏற்கெனவே அச்சான ஒரு சின்னக் கவிதைத் தொகுப்பை எடுத்துப் பழகச் சொல்லுங்கள். பழகும் நாள்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

பதிப்பாளரிடம் பேச வேண்டியது

140-ஐயும் மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். எவை இன்னும் விற்கின்றன, எவற்றின் மின்னூல் உரிமை அவரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் அச்சுப் புத்தக உரிமை மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். அது அவர் பொறுப்பு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்வியிலேயே பட்டியல் பாதியாகக் குறையக்கூடும். மிச்சத்தை ஐந்து ஐந்தாக எடுத்துச் செய்யுங்கள்.

கூலியைப் பக்கக் கணக்கில் பேசுங்கள். கன்வர்ட்டரில் போட்டுத் தருவதற்கு ஒரு விலை, ப்ரூஃப் பார்த்துத் தருவதற்கு ஒரு விலை என்று பிரித்தே சொல்லுங்கள். ‘பட்டனைத் தட்டினால் மாறிவிடுமே’ என்று அவர் சொன்னால், மாற்றிய மேட்டரிலிருந்து ஒரு பக்கத்தைத் திருத்தாமல் பிரின்ட் எடுத்துக் காட்டுங்கள்.

ஓப்பன் ஃபைல் விஷயத்தில் சண்டைக்குப் போக வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். நூலின் வாசகம் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் உரியது, உங்களுடையது இல்லை. நீங்கள் அமைத்த பக்கக் கோப்பு யாருக்கு என்பது நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதைப் பொறுத்தது, இதுவரை எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. நியாயமான பேச்சு இப்படி இருக்கலாம்: பி.டி.எஃப்.பும் யூனிகோடு மேட்டரும் கட்டாயம் கொடுங்கள். பக்கக் கோப்புக்குத் தனிக் கட்டணம் கேளுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதை முடித்த பிறகு கொடுங்கள். தொகை பெரிதென்றால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்களை மட்டும் கோப்போடு சேர்த்து அனுப்பாதீர்கள். அந்த உரிமம் உங்கள் சென்டரின் பெயரில் இருக்கிறது. அவருக்குத் தேவையென்றால் அவர் தனியாக வாங்க வேண்டும்.